டேங்கைத் தாண்டிப் போய் வந்த மரம்

ஒரு வருடத்தில் அந்த வாதுமை மரம் தண்ணீர் டேங்கின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போய், மறுபடி வலப்பக்கத்துக்கே திரும்பி வந்திருந்தது.

மரம் நடக்காது. டேங்க் சிமெண்டுத் தூண்களின் மேல் நிற்கிறது, அதுவும் நடக்காது. கேமரா ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்று அடித்துச் சொல்ல நான் தயாராக இருந்தேன். மூன்றும் நகராதபோது படத்தில் மட்டும் மரம் எப்படி ஊர்சுற்றப் போகும்? அதுதான் எனக்குப் புரியவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். குடியிருப்பில் எல்லோருக்கும் எக்ஸ்ரேம்மா. மலைப்பக்கம் போய்ப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு கேமரா வாங்கினேன். மூன்று முறை லீவு கேட்டேன், மூன்று முறையும் யாராவது ஒருத்தருக்குக் கல்யாணமோ பிரசவமோ வந்து என் லீவைத் தின்றுவிட்டது. சரி, நாம் மலைக்குப் போக முடியாவிட்டால் வீட்டுப் பின்பக்கம் இருப்பதை எடுப்போம் என்று ஆரம்பித்தேன். வாரம் ஒரு படம். ஞாயிறு காலை ஏழு மணி. ஒரே இடம், ஒரே கோணம், ஒரு வருடம் முழுக்க.

எங்கள் பின் பால்கனி மூன்றாவது மாடியில் மேற்கு பார்த்து இருக்கிறது. காலையில் வெயில் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து வருவதால் எதிரில் இருப்பதன் முகத்தில் நன்றாக விழும். கீழே கார் நிறுத்துமிடம். அதன் எல்லையில் மதில் சுவர். சுவரை ஒட்டி இந்த வாதுமை. சுவருக்கு அப்பால் காலி மைதானம், கூரைகள், எல்லாவற்றுக்கும் பின்னால் தண்ணீர் டேங்க். மரம் எங்களிடமிருந்து அறுபது அடி இருக்கும். டேங்க் அதைப்போலப் பத்து மடங்கு தூரம்.

பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். நான்கு வாரம் எடுத்த பிறகுதான் அந்த ஜன்னல் அளவு இடத்தில் எவ்வளவு நடக்கிறது என்று தெரிந்தது. கோடையில் வானம் பலமுறை துவைத்த துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. மழை வந்ததும் டேங்கின் வயிற்றில் கறுப்புக் கோடுகள் வழிந்தன, மைதானத்தின் பள்ளத்தில் ஒரு குளம் உண்டாயிற்று, ஒரு கொக்கு அதைத் தன் பேருக்கு எழுதி வாங்கியதுபோல வந்து நின்றது. குளிர் மாதத்தில் மூடுபனி தூண்களை மறைத்துவிட, டேங்க் மட்டும் அந்தரத்தில் மிதந்தது. வாதுமை இலைகள் செம்பு நிறமாகி உதிர்ந்தன. மொட்டைக் கிளைகளுக்கு நடுவில் ஒரு காக்கைக் கூடு இருந்தது. அத்தனை மாதமும் நான் அதைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரியாது. பிறகு தளிர்கள் விளக்குத் திரிபோல நிமிர்ந்தன.

இடம் மாறாமல் படம் எடுப்பது என் தொழில். ஆஸ்பத்திரியில் ஒருவரின் முழங்காலை இன்று எடுத்து மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தால், இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்க முடிய வேண்டும். அந்தப் பெருமையில் வீட்டிலும் ஒரு முறை வகுத்துக்கொண்டேன். கேமராவின் முக்காலிக் கால்களில் உயரத்துக்கு டேப் ஒட்டினேன். முன் கால்கள் இரண்டும் தரையில் ஓடும் ஒரு டைல் கோட்டின்மேல் நிற்க வேண்டும். இடது முன் கால் எலுமிச்சைத் தொட்டியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேமராத் திரையில் தெரியும் கட்டத்தின் நடுவில் டேங்க் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

எலுமிச்சைத் தொட்டியை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், வீட்டில் நகராத பொருள் எது என்று யோசித்துப் பார்த்தேன். நாற்காலி நகரும். மேசை நகரும். என் நாத்தனார் சாப்பிட்டு உட்கார்ந்தால் நகரமாட்டாள், ஆனால் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போய்விடுவாள். தொட்டி மட்டும்தான் சிமெண்டு, உள்ளே இடுப்பளவு மண், அதன் மேல் ஒரு மரம். என் வீட்டுக்காரரைவிடக் கனம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதை நகர்த்தப் போய் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்துக் கிடந்தார். அதிலிருந்து அந்தத் தொட்டியைக் கையால் தொடக் கூடாது என்று நான் போட்ட தடை அமலில் இருக்கிறது.

ஐம்பத்திரண்டு படமும் சேர்ந்ததும் நாத்தனாரிடம் கொடுத்தேன். அவள் அச்சகத்தில் கணினிப் பிரிவில் இருக்கிறாள். போனில் அகலமாகத் தெரிய வேண்டும் என்று படங்களின் மேலும் கீழும் கொஞ்சம் வெட்டிவிட்டு, வரிசையாகக் கோத்து, அரை நிமிடப் படமாக ஓடவிட்டாள். ஓடவிட்டதோடு நிறுத்தாமல், என்னைக் கேட்காமல், குடியிருப்பின் குழுவில் போட்டுவிட்டாள்.

"அண்ணி, நம்ம மரம் டான்ஸ் ஆடுது, பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்தேன். வானம் நிறம் மாறியது, இலை சிவந்தது, உதிர்ந்தது, தளிர்த்தது. எல்லாம் நான் நினைத்தபடி. ஆனால் டேங்க் நடுவில் அசையாமல் நிற்க, மரம் கோடையில் அதன் வலப்பக்கம் இருந்து, மழையில் அதன் முன்னால் வந்து மறைத்து, குளிரில் இடப்பக்கம் போய் நின்று, மறுபடி வந்த வழியே திரும்பியது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மேலும் கீழும் போகிற பொருள்தான் அவருக்குப் பழக்கம். பக்கவாட்டில் போகிற மரத்தை அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"குளிருக்கு ஒதுங்கிருக்கு போல," என்றார்.

"விளையாடாதீங்க. எங்கயோ தப்பு நடந்திருக்கு."

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. வருஷத்துல ஒரு தடவ வெளியூர் போயிட்டு வருது. உனக்குத்தான் லீவு கிடைக்கல, அதுக்குமா கிடைக்கக் கூடாது?"

சிரித்துவிட்டு விட்டிருப்போம். ஆனால் குழுவில் அந்தப் படத்தைச் சுற்றறிக்கையும் பார்த்துவிட்டார்.

சுற்றறிக்கை என்பது எங்கள் சங்கச் செயலாளர். முகத்துக்கு முன்னால் சார் என்போம், முதுகுக்குப் பின்னால் சுற்றறிக்கை. ஈரத்துணி சொட்டுவது பற்றி, மாடிப்படியில் செருப்பு விடுவது பற்றி, இன்னின்னார் என்று குறிப்பிடாமல் இன்னின்னாரின் நாய் பற்றி, எல்லாவற்றுக்கும் எண் போட்டு அறிக்கை விடுவார். கார் நிறுத்துமிடத்தில் ஏழாம் எண் அவருடையது. மதில் சுவரில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் பெரிதாக எழுதியிருக்கும். ஏழுக்குப் பக்கத்தில்தான் வாதுமை நிற்கிறது. போன மாதம்தான் அவர் புதுக் கார் வாங்கியிருந்தார்.

மறுநாளே சுற்றறிக்கை எண் நாற்பத்தொன்று வந்தது. 'ஏழாம் எண் வாகன நிறுத்துமிடத்தை ஒட்டியுள்ள மரம் ஆண்டு முழுவதும் இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருப்பது நமது குடியிருப்பாளர் ஒருவரின் புகைப்படங்கள் மூலம் ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகியுள்ளதால், பாதுகாப்பு கருதி வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அதை வெட்டி அகற்ற முடிவு செய்யப்பட்டுள்ளது.'

நான் படிக்கட்டில் ஓடிப் போய் அவரைப் பிடித்தேன்.

"சார், அந்த மரம் சாயல."

"சாயுதுன்னு நான் எங்க சொன்னேன்? ஒரு பக்கமா சாய்ஞ்சா சாயுதுன்னு சொல்லலாம். இது போகுது, வருது. அதுக்குப் பேரு ஆட்டம். ஆட்டம் கண்ட பல்லு மாதிரி. வேரோட பிடி விட்டுப் போச்சு."

"நடந்து போகிற மாதிரி மரம் ஆடுமா சார்? எங்கயோ படத்துல தப்பு."

"அப்ப உங்க படம் பொய் சொல்லுதா?"

"படம் பொய் சொல்லாது. ஆனா..."

"பொய் சொல்லலன்னா மரம் ஆடுது." அவர் இரண்டு படி இறங்கி வந்தார். "எக்ஸ்ரேம்மா, போன வருஷம் என் மணிக்கட்டுக்கு நீங்கதான் படம் எடுத்தீங்க. எலும்புல விரிசல் விட்டிருக்குன்னு வந்துச்சு. வலிகூட இல்ல, ஆனாலும் உங்க படத்த நம்பி நாலு வாரம் கட்டு போட்டுக்கிட்டுக் கிடந்தேன். இப்ப நீங்க எடுத்த படத்த நீங்களே நம்ப மாட்டேன்னா எப்படி?"

அவர் வில்லன் இல்லை, அதுதான் சங்கடம். கையில் சாட்சி இருக்கிறது, சாட்சியைக் கொடுத்தவள் நான்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் டைம் இருக்கு," என்றார். "அது ஏன் நடக்குதுன்னு அதுக்குள்ள நீங்க சொல்லுங்க. ஒத்துக்கற மாதிரி இருந்தா வெட்ட வேணாம். எனக்கும் மரத்து மேல கோவம் ஒண்ணும் இல்ல. என் வண்டி மேல அது விழக் கூடாது, அவ்வளவுதான்."

அன்று செவ்வாய். வெள்ளிக்குள் நான் நான்கு காரணம் கண்டுபிடித்து நான்கையும் நானே அடித்துவிட்டேன். லென்ஸை முன்பின் இழுத்திருந்தால் எல்லாம் பெரிதாகும், சிறிதாகும், மரம் மட்டும் தனியே போகாது. வெயிலில் பால்கனிக் கம்பி நீளும்தான், ஆனால் மயிரிழை அளவு. கட்டடமே ஆடுகிறது என்பது மூன்றாவது. அதை நாத்தனாரிடம் சொன்னபோது, "அண்ணி, அத மட்டும் குழுவுல போட்றாதீங்க, கட்டடத்த இடிக்கச் சொல்லி நாப்பத்திரண்டு வந்துடும்," என்றாள். நான்காவது, கேமராவைத் திருப்பி வைத்திருப்பேனோ என்பது. திருப்பினால் மரமும் டேங்கும் சேர்ந்துதான் ஒதுங்கும். தலையைத் திருப்புகிறபோது சுவரில் தொங்கும் காலண்டரும் கடிகாரமும் ஒன்றையொன்று தாண்டிப் போவதில்லையே.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணிக்கு நெஞ்சுப் படம் எடுத்தேன். மனதில் மரம் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் வலது நுரையீரல்மேல் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. டாக்டர் கண்ணைச் சுருக்கினார்.

"உள்ள இருக்கா, மேல இருக்கா? கொஞ்சம் திருப்பி நிக்க வச்சு இன்னொண்ணு எடுங்க."

இது நாங்கள் எப்போதும் செய்வதுதான். படம் என்பது தட்டை. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தாளில் ஒட்டிக்கொள்ளும். எது எங்கே இருக்கிறது என்று ஒரே படத்தில் சொல்ல முடியாது. ஆளைக் கொஞ்சம் திருப்பி இரண்டாவது படம் எடுத்தால் தெரிந்துவிடும். புள்ளி விலா எலும்புக்குப் பக்கத்திலேயே இருந்தால் விலாவோடு சேர்ந்து போகும். தூரத்தில் இருந்தால் விலாவைத் தாண்டிக் குதிக்கும்.

திருப்பி எடுத்தேன். புள்ளி இரண்டு விலாவைத் தாண்டிக் குதித்தது. பின்னால் போய்ப் பார்த்தால், அந்தப் பெண்மணியின் பின்னல் நுனியில் ஓர் உலோக மணி. முடியை மேலே தூக்கிக் கட்டச் சொல்ல மறந்திருக்கிறேன். பதினாறு வருட வேலையில் முதல் தடவை.

"மன்னிச்சுக்குங்க. புள்ளி உங்களுது இல்ல, மணியோடது," என்றேன்.

"பரவால்லம்மா. இதைவிட நல்ல சேதி இன்னிக்கு எனக்கு யாரு சொல்லப் போறா," என்றார் அவர்.

அவர் போன பிறகும் நான் அந்த இரண்டு படத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். மணி உடம்பில் இடம் மாறவில்லை, விலாவும் மாறவில்லை. பார்க்கும் இடம் மாறியது. அதனால் ஒன்று மற்றதைத் தாண்டியது. மரமும் டேங்கும் அப்படித்தானே. மரம் பக்கத்தில், டேங்க் தூரத்தில். டேங்கை ஒவ்வொரு வாரமும் கட்டத்தின் நடுவில் பிடித்து உட்கார வைக்கிறேன். அப்படியென்றால் பார்க்கும் இடம் மாறினால் மரம்தான் ஒதுங்கியாக வேண்டும்.

வாரத்துக்கு நாலு தடவை நோயாளிகளுக்கு விளக்குகிற சங்கதி. வீட்டு பால்கனியில் மட்டும் மறந்துபோனது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல், நாத்தனார் வெட்டாத மூலப் படங்களைத் திறந்தேன். அவள் வெட்டி எறிந்த கீழ்ப்பகுதியில் மதில் சுவர் இருந்தது, சுவரில் எண்கள் இருந்தன. முதல் படத்தில் மரத்தின் கவடு, அதாவது அடிமரம் இரண்டாகப் பிரியும் இடம், ஏழாம் எண்ணுக்கு நேர் மேலே இருந்தது. குளிர்காலப் படத்தைத் திறந்தேன். மரம் டேங்கைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தது. ஏழும் கூடவே போயிருந்தது. கவடு அதே ஏழுக்கு நேர் மேலே. ஐம்பத்திரண்டையும் பார்த்தேன். மரமும் ஏழும் கைகோத்துக்கொண்டு போய்விட்டு வந்தன. மரம் சாய்ந்திருந்தால் கவடு ஏழை விட்டு விலகியிருக்கும்.

"நடந்தது மரம் இல்ல, கேமரா," என்றேன்.

நாத்தனார் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "நீங்கதான் இடமே மாறலன்னு சத்தியம் பண்ணீங்களே அண்ணி."

"இப்பவும் பண்றேன்."

"அப்ப சுற்றறிக்கை ஒத்துக்க மாட்டாரு. கேமரா நகந்துச்சுன்னா எப்படி நகந்துச்சுன்னு கேப்பாரு. அவருக்கு எண் போட்டு எழுதணும்ல."

அவள் சொன்னதும் சரி. சனிக்கிழமை மத்தியானம் சீக்கிரம் வந்து, அளவு டேப்பை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். தொட்டிக்கும் பக்கச் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளக்க மண்டியிட்டபோது, பின்னால் வீட்டுக்காரர் வந்து நின்றார். கையில் டீ டம்ளர்.

"என்ன அளக்கற?"

"தொட்டிய."

"அத எதுக்கு அளக்கற? அது என்ன ஓடியா போகும்?"

அவர் குரல் இதுவரை அவ்வளவு மெல்லியதாக வந்ததே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை முக்காலியோட காலை இதுலதான் முட்ட வச்சு எடுக்கறேன். அதான்."

"இதுலயா?"

"ஆமா. வீட்டுல நகராத ஒரே பொருள் இதானே."

அவர் டம்ளரைக் கம்பிமேல் வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை. ஞாயிறு ஏழு மணிக்கு அவர் போர்வைக்குள் இருப்பார், நான் எதில் முட்ட வைத்துப் படம் எடுக்கிறேன் என்று அவர் பார்த்ததே இல்லை.

நான் மறுபடி குனிந்தேன். தொட்டிக்குப் பின்னால் சுவரின் அடியில், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில், பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு தேதி. அழகான கையெழுத்து, எனக்குத் தெரிந்த கையெழுத்து.

"இது என்ன தேதி?"

"சர்வீஸ் தேதி."

"எதுக்கு சர்வீஸ்?"

"எலுமிச்சைக்கு."

பிறகு, பிடிபட்ட ஆள் ஒத்துழைப்பதுபோல, தொட்டியின் பக்கம் வந்து இடது காலால் லேசாகத் தள்ளினார். என் வீட்டுக்காரரைவிடக் கனமான அந்தத் தொட்டி, சத்தமே இல்லாமல், எண்ணெய் போட்ட கதவுபோல ஓரடி நகர்ந்து நின்றது. அடியில் ஒரு பலகை, பலகையில் ஆறு சக்கரம். வெளியே தெரியாதபடி சிமெண்டு நிறத்தில் ஒரு தகடு சுற்றி அடித்திருந்தார். நான் வாரா வாரம் துடைத்த தகடுதான், தொட்டியின் விளிம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கையால தொடக் கூடாதுன்னு சொன்ன," என்றார். "தொடல."

வாசலில் நாத்தனார் வந்து சாய்ந்தாள். "காலாலதான் தள்ளிருக்காரு அண்ணி. சட்டப்படி தப்பில்ல."

"எதுக்குங்க நகத்தணும்?"

அவர் உற்சாகமாகிவிட்டார். மெஷினைப் பற்றிக் கேட்டால் அவருக்குக் குற்ற உணர்ச்சியெல்லாம் நிற்காது. சூரியன் வருடம் முழுக்க ஒரே இடத்தில் மறைவதில்லை. குளிர் மாதங்களில் தெற்கே ஒதுங்கி மறைகிறது, கோடையில் வடக்கே. எங்கள் பால்கனியிலிருந்து மேற்கே பார்த்தால் தெற்கு இடக்கைப் பக்கம். குளிரில் சாயங்கால வெயில் இடப்பக்கமிருந்து சாய்வாக வரும், இடது பக்கச் சுவர் தன் பக்கத்தில் நிழல் போட்டுவிடும், வெயில் விழுவது வலப்பக்கத்தில். கோடையில் நேர் எதிர். எலுமிச்சைக்கு வெயில் வேண்டும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, நான் வேலையிலிருந்து வருவதற்கு முன்னால், தொட்டியை நான்கு விரல், ஐந்து விரல் தள்ளியிருக்கிறார். தள்ளிவிட்டுத் தேதி போட்டிருக்கிறார். எந்த வேலை செய்தாலும் எழுதி வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

கோடைக் கோட்டுக்கும் குளிர்க் கோட்டுக்கும் நடுவில் டேப்பை வைத்தேன். மூன்று அடி, ஒரு அங்குலம். ஒரு வருடமாக நான் தொட்டியை நம்பியிருக்கிறேன், தொட்டி வெயிலை நம்பியிருக்கிறது.

"திட்டுறதுன்னா இப்பவே திட்டிடு," என்றார்.

"திட்டறத அப்புறம் பாத்துக்கலாம். இந்தக் கோட்டையெல்லாம் அழிச்சிடாதீங்க, நாளைக்கு வேணும்."

ஞாயிறு ஒன்பதரைக்குச் செயலாளர் வந்தார். கூட மரம் வெட்டுபவர், தோளில் வடக் கயிறும் ரம்பமும். பால்கனியில் இடம் போதாமல் நாத்தனார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டாள்.

கேமராவை முக்காலியில் வைத்தேன். வீட்டுக்காரர் தொட்டியைக் கோடைக் கோட்டுக்குத் தள்ளினார். முக்காலிக் காலை அதில் முட்ட வைத்து, டேங்கை நடுவில் பிடித்து, செயலாளரைத் திரையைப் பார்க்கச் சொன்னேன்.

"மரம் எங்க இருக்கு சார்?"

"டேங்குக்கு வலப்பக்கம்."

தொட்டி மூன்றடி வலப்பக்கம் உருண்டது. நானும் முக்காலியோடு கூடவே போனேன். மறுபடி டேங்கை நடுவில் பிடித்தேன்.

"இப்ப?"

அவர் திரையைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "இடப்பக்கம் வந்துருச்சு."

"ஒரு வருஷ ஆட்டம், ஒரு நிமிஷத்துல ஆடிருச்சு."

"என் நம்பரும் சேர்ந்து வருதே."

"அதான் சார் விஷயமே. சுவர் நடக்குமா?"

அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டார். சுவருக்கும் ஓர் அறிக்கை விட வேண்டுமோ என்று ஒரு கணம் யோசித்திருப்பார். நான் அவசரமாக விரலை நீட்டினேன். "ஒரு விரலை மூக்குக்கு நேரா நீட்டிப் பிடிங்க. வலது கண்ண மூடிக்கிட்டு டேங்கப் பாருங்க. இப்ப அதத் திறந்துட்டு இடது கண்ண மூடுங்க."

முதலில் செய்தது மரம் வெட்டுபவர்தான். "அட, விரல் தாவுது," என்றார். பிறகு செயலாளர் செய்தார். வீட்டுக்காரருக்கு ஏற்கனவே தெரியும், ஆனாலும் செய்தார். மூன்று ஆண்கள் பால்கனியில் வரிசையாக நின்று, விரலை நீட்டி, மாறி மாறிக் கண்ணடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் துணியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சரி, நீங்க நகந்தீங்க," என்றார் செயலாளர். "ஆனா நீங்களும் நகந்து, மரமும் கொஞ்சம் சாய்ஞ்சிருந்தா?"

நல்ல கேள்வி. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினேன். கவடு ஏழுக்கு நேர் மேலே, இரண்டிலும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மரம் வெட்டுபவர் கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார்.

"அடி கெட்டியா இருக்கு சார். வர்றப்பவே உதைச்சுப் பாத்தேன். உங்க வண்டிக்கு மேல ஒரு கிளை காஞ்சிருக்கு, அது மட்டும்தான் விழற கேசு. அத எடுத்துடறேன்."

"அத எடுத்துட்டா போதுமா?"

"மிச்சத்த வெட்டினா உங்க வண்டிக்கு நிழல் யாரு குடுப்பா?"

பதினோரு மணிக்குக் காய்ந்த கிளை மட்டும் கயிற்றில் இறங்கியது. சாயங்காலம் சுற்றறிக்கை எண் நாற்பத்திரண்டு வந்தது: எண் நாற்பத்தொன்று திரும்பப் பெறப்படுகிறது, குடியிருப்பாளர்கள் புகைப்படங்களைக் கீழ்ப்பகுதியை வெட்டாமல் பகிரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். நாத்தனார் அதைச் சட்டம் போட்டு மாட்டப் போவதாகச் சொல்கிறாள்.

அடுத்த ஞாயிறு இரண்டாவது வருடத்தின் முதல் படம் எடுக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றிவிடவா என்று வீட்டுக்காரர் கேட்டார், கேட்கும்போதே எலுமிச்சையின் ஓர் இலையைத் தடவிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன். தரையில் குறி போடலாம் என்றால் துடைத்துத் துடைத்து அழிந்துவிடும். பால்கனித் தரையில் இருக்கும் எதையும் நம்பாத ஒரு வழி வேண்டும்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து லிஃப்ட் வேலையிலிருந்து ஒன்று சொன்னார். புதுக் கட்டடத்தில் லிஃப்ட் பொருத்தும்போது உச்சியிலிருந்து இரண்டு கம்பிகளைக் குண்டு கட்டித் தொங்கவிடுவார்களாம். மற்ற எல்லா அளவும் அந்த இரண்டு கம்பியிலிருந்துதான். நாங்கள் கம்பிக்குப் பதில் நூல் எடுத்துக்கொண்டோம், குண்டுக்குப் பதில் இரும்பு நட்டு.

வேலை இப்படித்தான். பால்கனி மேல்தளத்தில், கைப்பிடிக் கம்பிக்கு நேர் மேலே, நான்கு அடி இடைவெளியில் இரண்டு கொக்கிகள். ஒவ்வொன்றிலும் நட்டுக் கட்டிய ஒரு நூல். கேமராத் திரையில் பார்க்கும்போது இடது நூல் டேங்கின் இடது விளிம்பைத் தொட வேண்டும். வலது நூல், தூரத்தில் தெரியும் ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கியின் நடுவில் விழ வேண்டும். கேமரா பக்கவாட்டில் ஓர் அங்குலம் விலகினாலும், முன்னே பின்னே போனாலும், ஏதாவது ஒரு நூல் தன் இடத்தை விட்டுப் போய்விடும். இரண்டும் ஒரே சமயத்தில் பொருந்துகிற இடம் ஒன்றுதான் இருக்கிறது. கேமராவை அங்கே நிறுத்தி, நூல்களைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டிவிட்டு, படத்தை எடுக்க வேண்டும். தொட்டி அன்றைக்கு எங்கே நின்றாலும் சரி.